இடியன் துவக்கு எண்ணெய் என்று 14,500 ரூபா போய்விட்டது, கவனம்

இடியன் துவக்கு, அதாவது குழல் வாயால் கரிமருந்து என்ற வெடிமருந்தைப் போட்டுக் கம்பியால் இடித்து நிரப்பும் துவக்கு வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். முகநூலில் சாமான் விற்கிற ஒருவனிடம் 14,500 ரூபாவைக் கொடுத்து, அப்பா காலத்துக் குழலையும் கெடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

பரந்தன் வயலுக்குப் பன்றி வருகிறதென்று அப்பா எடுத்த துவக்கு. லைசென்ஸ் இப்போது என் பெயரில், வருசா வருசம் புதுப்பிக்கிறேன். வெடி வைத்தால் அன்றிரவே கொதிதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவுவார் அப்பா. கரிமருந்து எரிந்த பிறகு பாதிக்கு மேல் உப்பும் கரியுமாக மிஞ்சும். குழலில் ஒட்டிய உப்பு ஈரத்தை இழுக்கும். அது தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் வயிறு எரிகிறது.

வாட்ஸப் வீடியோவில் வந்தான். கம்பியில் வெள்ளைத் துணி சுற்றி, எண்ணெயில் நனைத்து, ஒரு குழலுக்குள் விட்டு இழுத்தான். முதல் துணி கரி. மூன்றாவது பால் வெள்ளை. "அண்ணை, இனித் தண்ணியைக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. அப்பான்ர சாமான் எண்டு சொல்லுறியள், நான் பிழையானதைத் தருவனோ?" அப்பா என்றதும் மனம் இளகிவிட்டது. அப்போதே 14,500 ரூபாவையும் வங்கியில் போட்டேன்.

வந்தது ஒரு போத்தலும் ஒரு 'பித்தளை' பிரஷ்ஷும். வெடி வைத்த பிறகு, அவன் சொன்னபடி தண்ணீர் விடாமல் அவற்றால் மட்டும் துடைத்து வைத்தேன். கார்த்திகை மழை, மூன்று கிழமைதான். துணி விட்டு இழுத்தால் செங்கல் தூள் மாதிரித் துரு. குழல் வாயில் விரல் வைத்தால் சொரசொரக்கிறது. சந்தேகப்பட்டு பிரஷ்ஷில் காந்தத்தை வைத்தேன், சட்டென்று ஒட்டியது. பித்தளையில் காந்தம் ஒட்டுமா? இரும்புக் கம்பிக்கு மஞ்சள் பூசி விற்றிருக்கிறான். உள்ளே முழுக்கக் கீறல்.

கேட்டால், "யாழ்ப்பாணத்து உப்புக்காத்து அண்ணை, அப்பிடித்தான்." திரும்பப் போன் எடுத்தால், "ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கோணும்." அப்புறம் ஒரு பிள்ளையின் குரல்: "அவர் கொழும்புக்குப் போயிட்டார்." பிறகு பிளாக்.

பராமரிப்பு பற்றி விரிவாக எழுதத்தான் இருந்தேன். இப்போது மனம் ஓடவில்லை, இவ்வளவுதான்: முதலில் கம்பியைக் குழலுக்குள் விட்டு, பிறகு வெளியே வைத்து அளந்து, உள்ளே மருந்து இல்லையென்று உறுதி செய்யுங்கள். கொதிதண்ணீர், சவர்க்காரம், நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய். மறுநாளும் ஒரு துணி விட்டுப் பாருங்கள். பிரஷ்ஷைக் காந்தம் வைத்துப் பாராமல் குழலுக்குள் விடாதீர்கள். சாமான் கைக்கு வராமல் காசு போடவே வேண்டாம்.

நேற்றிரவு தங்கச்சியின் போனில் பார்த்தேன். அதே போத்தல், அதே 14,500, "இரண்டு மட்டும் மிச்சம்" என்று போட்டிருக்கிறான்.