918 ஸ்பைடர்: டயரோடு நிறுத்தியிருக்கலாம்

"கிரெடிட் சேர்ந்துவிட்டது. 918 ஸ்பைடரை வாங்கி ஃபுல்லா அப்கிரேட் பண்ணிடவா?" என்று நண்பர் கேட்டார். கேட்டது ஒரு கார் ரேஸ் கேமைப் பற்றி; கிரெடிட் என்பது அதற்குள் சேரும் பணம். எட்டு மாதமாக அந்த கேமில் நான் ஓட்டுவது பெரும்பாலும் அந்த போர்ஷேதான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

வாங்கிய புதிதில் அவ்வளவு சந்தோஷம். பின் சக்கரங்களுக்கு 4.6 லிட்டர் வி8 எஞ்சினும் ஒரு மின் மோட்டாரும், முன் சக்கரங்களுக்குத் தனியாக இன்னொரு மோட்டார். வளைவு முடிவதற்குள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் முன்பக்கம் காரை இழுத்து நேராக்கிவிடும். நிஜக் கார் 2013-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் தடத்தை 6 நிமிடம் 57 வினாடியில் சுற்றியது. கேமில் அதே தடத்தில், எதையும் மாற்றாத ஸ்டாக் காரில் நான் 7:09 வரை வந்தேன். என் கைக்கு அதுவே அதிகம்.

டயரும் பிரேக்கும் மாற்றினேன், இன்னும் நன்றாக ஓடியது. சரி, அதோடு விட்டேனா? டர்போ மாட்டினேன், எஞ்சின் கொள்ளளவைக் கூட்டினேன். அட்டவணையில் 887 குதிரைத்திறன் ஆயிரத்தைத் தாண்டியது. லேப் (ஒரு சுற்று) நேரம் 7:14 ஆனது!

கூட்டிய பவர் முழுவதும் எஞ்சினுடையது, அதாவது பின் சக்கரங்களுக்கு மட்டும். முன் மோட்டாருக்கோ பேட்டரிக்கோ கேமின் கடையில் ஒரு பாகமும் கிடையாது. அதனால் வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வால் வீசுகிறது. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். லேப் முடிகிற இடத்தில் வரும் அந்த நீண்ட நேர்ப்பாதையில் பேட்டரி முள் பூஜ்யத்துக்கு இறங்குவதைத்தான் பார்க்க முடியவில்லை. இத்தனை கிரெடிட் வாங்கிக்கொண்டு ஒரு பேட்டரி விற்கக் கூடாதா?

நியாயமாகச் சொன்னால், நிஜத்திலும் அது 6.8 கிலோவாட்-மணி பேட்டரிதான், வேகம் மிக அதிகமானால் முன் மோட்டாரின் இணைப்பு தானாக விலகிக்கொள்ளும். கேம் பொய் சொல்லவில்லை. ஆனால் டர்போவைக் கழற்றலாம், எஞ்சின் கொள்ளளவைத் திரும்பக் குறைக்க முடியாது என்பதைப் பணம் போன பிறகு தெரிந்துகொண்டேனே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

நண்பரிடம் "வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். நான் இன்னொரு 918-க்குக் கிரெடிட் சேர்த்துக்கொண்டிருப்பதை மட்டும் சொல்லவில்லை.