கிழிந்த ஆக்சில் பூட்: ரப்பரை மட்டும் மாற்றுவதா, முழு செட்டா?

சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "பூட் கிழிஞ்சிடுச்சு சார், ஆக்சில முழு செட்டா மாத்திடலாம்" என்கிறார். முன்சக்கரம் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் பலரும் கேட்டிருக்கும் வசனம். ஆக்சில் என்பது கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் கம்பி; பூட் என்பது அதன் ஜாயிண்டை மூடி, கிரீஸை உள்ளே வைத்திருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தது உண்மைதான். ஆனால் முழு செட் என்பது மூன்று வழிகளில் ஒன்று; மற்ற இரண்டு, பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றுவது, வெளி ஜாயிண்டை (சக்கரப் பக்கம் இருக்கும் மூட்டை) மட்டும் மாற்றுவது.

மூன்றுக்கும் ஆக்சில் வெளியே வந்தாக வேண்டும். ஆக்சிலைச் சக்கரத்தோடு பிடிக்கும் ஹப் நட்டு, சஸ்பென்ஷனின் கீழ் பால் ஜாயிண்ட், கியர்பாக்ஸ் பக்கம் லிவர் போட்டு நெம்புவது என்று கழற்றும் வேலையில் வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. முழு செட் என்றால் பழையதை எடுத்துப் புதியதைச் சொருகினால் முடிந்தது. பூட் என்றால் ஜாயிண்டைத் தட்டி எடுத்து, கழுவி, கிரீஸ் வைத்து, கிளாம்ப் இறுக்க வேண்டும். பட்டறைகள் முழு செட்டைச் சொல்வதற்கு இந்த மெனக்கெடலும் ஒரு காரணம்.

முடிவு செய்ய ஒரு காலி மைதானம் போதும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், அப்புறம் மறுபக்கம். 'டக் டக்' என்று கேட்கவில்லையா? கிரீஸை விரலில் தேய்த்தால் நறநறக்கவில்லையா? அப்படியானால் பூட் மட்டும் போதும். உள்ளே இருக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ் இயல்பிலேயே கறுப்புதான்; நிறத்தைக் காட்டி யாரும் பயமுறுத்த முடியாது. கழற்றாமலே சுற்றி ஒட்டுகிற பிளவு பூட் ஒன்றும் கிடைக்கிறது. வெளியூரில் மாட்டிக்கொண்டால் சரி, மற்றபடி ஒட்டிய இடத்தை நான் நம்ப மாட்டேன்.

சத்தம் வந்துவிட்டால் கதை வேறு. வெளி ஜாயிண்டில் பொதுவாக 6 குண்டுகள் தனித்தனிப் பள்ளங்களில் ஓடுகின்றன. மணல் புகுந்து பள்ளம் தேய்ந்த பிறகு புதுக் கிரீஸ் சத்தத்தைக் கொஞ்ச நாள் அமுக்கும், அவ்வளவுதான். இங்கே வெளி ஜாயிண்டை மட்டும் மாற்றுவதே என் தேர்வு. பழையதைக் கையில் எடுத்துப்போய் ஸ்ப்லைன் பற்களையும் (கம்பி முனையில் வரிவரியாக இருக்கும் பற்கள்), ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் வளையம் இருந்தால் அதன் பற்களையும் எண்ணி வாங்குங்கள்.

முழு செட்டுக்கு எப்போது போகலாம்? ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி அதிர்ந்து, சக்கர பேலன்ஸும் இன்ஜின் மவுண்டும் சரியாக இருந்தால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் ஜாயிண்டின் மேல் சந்தேகம் வர வேண்டும். உள்ளும் வெளியும் போயிருந்தால் முழு செட்தான். பெயர் தெரியாத புது ஆக்சிலைவிட, பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிற, முறுக்கிப் பார்த்தால் ஆட்டமில்லாத பழைய ஒரிஜினல் மேல் என்பேன். பூட்டும் கிரீஸும் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பணம் வீணாவது திரும்ப மாட்டும்போதுதான். எனக்கு அப்படித்தான் ஆனது. புது ஆக்சில் மாட்டிய நாலாம் நாள் தரையில் கியர் ஆயில் சொட்டியது. சொருகும்போது ஸ்ப்லைன் பல், கியர்பாக்ஸ் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலின் உதட்டைக் கிழித்திருக்கிறது. மறுபடி கழற்றி மாட்ட இன்னொரு லேபர். அதிலிருந்து ஆக்சில் வெளியே வந்தாலே சீலையும், ஆக்சிலைக் கியர்பாக்ஸுக்குள் பிடித்து வைக்கும் வளையமான சர்க்கிளிப்பையும் புதிதாகப் போடச் சொல்கிறேன். சர்க்கிளிப் உட்கார்ந்ததா என்று பார்க்க ஜாயிண்டின் உடம்பைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் கழன்று வந்துவிடலாம். வழிந்த கியர் ஆயிலை நிரப்பியாகிவிட்டதா என்றும் கேளுங்கள்.

ஹப் நட்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். அதைக் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கி விட்டுவிடக் கூடாது. உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கி, தட்டி மடிக்கும் வகை நட்டு என்றால் அதன் விளிம்பை ஆக்சில் முனையின் பள்ளத்தில் தட்டி மடிக்க வேண்டும். பல கார்களில் சக்கர பேரிங்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த நட்டுதான். ஆக்சில் வெளியே இருக்கும்போது பேரிங்குக்கு அந்தப் பிடிப்பு இல்லை; அப்போது, "வண்டிய கொஞ்சம் தள்ளி ஓரமா விடுங்க" என்று யாராவது சொன்னால் ஜாக்கியை இறக்க விடாதீர்கள்.