புளொப்பி டிஸ்க்கைப் படமாக்கும் ஸ்கிரிப்ட்: மட்டக்களப்பின் ஈரக் காற்றில் ஒரு நீண்டகாலப் பயன்பாடு

பூஞ்சணம் பிடித்த புளொப்பியிலிருந்து கோப்புகளை எடுக்க முயல்வதற்கு முன் அந்த டிஸ்க்கின் காந்தப் பதிவை வரைந்த படத்தைப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் போட்டுத் திறந்தால், வாசிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். வாசிக்கும் தலை (ஹெட்) அதே தடத்தில் உரசி உரசி, மிஞ்சியிருக்கும் காந்தப் பூச்சும் போய்விடும். புளொப்பி ட்ரைவைக் கணினியின் யு.எஸ்.பி.யுடன் இணைத்துக் காந்தப் பதிவை அப்படியே வாசிக்கும் கிரீஸ்வீசல் வி4 பலகையும் பைத்தன் ஸ்கிரிப்ட் ஒன்றும் இருந்தால் முழு டிஸ்க்கையும் ஒரே ஓட்டத்தில் வாசித்து, நோய் எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். மாரியிலும் கச்சான் காற்றுக் காலத்திலும் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு, இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வழி கண்ணில் படவில்லை.

தேவையானவை அதிகமில்லை. பலகை, பழைய கணினியில் கழற்றிய 3.5 அங்குல ட்ரைவ், 34 பின் ரிப்பன் கேபிள், பைத்தனுடன் நம்பை, பில்லோ நூலகங்கள். கேபிளைத் தலைகீழாகச் செருகினால் ட்ரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்புக் கோடு முதலாம் பின் பக்கம் வர வேண்டும். டிஸ்க்கைப் போடுமுன் எழுத்துத் தடுப்புத் துளையைத் திறந்துவிடுங்கள். வாசிக்கும்போது டிஸ்க்கின் வடிவம் எதையும் குறிப்பிடாமல், ஒரு தடத்துக்கு 3 சுற்று என்று, காந்த மாற்றங்களின் நேரத்தை அப்படியே பதியும் எஸ்.சி.பி. கோப்பாகச் சேமிக்க வேண்டும். 1.44 எம்.பி. டிஸ்க் ஒன்றுக்கு ஏறக்குறைய 70 எம்.பி. வரும். இடத்தை மிச்சம்பிடிக்க ஒரே சுற்றுடன் நிறுத்த வேண்டாம். ஒரு சுற்றில் தவறிய இடம் அடுத்த சுற்றில் சரியாக வருவதுண்டு.

ஸ்கிரிப்ட் எழுதுவோர் தடுமாறும் இடங்கள் சில. எஸ்.சி.பி. கோப்பில், 0இலிருந்து எண்ணினால் 16ஆவது பைட்டில், ஒவ்வொரு தடமும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் தட அட்டவணை தொடங்குகிறது. தடத்துக்கு 4 பைட். அந்த எண்களில் சிறிய பைட் முதலில் வரும். ஆனால் ஒரு காந்த மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேர இடைவெளிகள் 2 பைட் எண்கள், அவற்றில் பெரிய பைட் முதலில். இதைக் கவனிக்காவிட்டால் படம் முழுவதும் இரைச்சலாகத்தான் இருக்கும். ஓர் அலகு 25 நானோசெக்கன். எனவே நல்ல 1.44 எம்.பி. டிஸ்க்கில் 80, 120, 160 ஆகியவற்றைச் சுற்றியே எண்கள் குவிய வேண்டும். அதாவது 2, 3, 4 மைக்ரோசெக்கன். சுழியம் வந்தால் அது இடைவெளி அல்ல, அடுத்த எண்ணோடு 65,536ஐக் கூட்டு என்று பொருள். சுற்று நேரத்தை 200 மில்லிசெக்கன் என்று நிலையாக வைக்காமல், கோப்பில் அந்தந்தச் சுற்றுக்குப் பதிவான நேரத்தால் வகுத்துக் கோணம் காணுங்கள். இல்லாவிட்டால் ட்ரைவின் வேகம் சற்று மாறினாலும் படம் முறுகும்.

வட்டத்தை வரைய, தடத்துக்கு 4 பிக்சல், நடு வெற்றிடத்தின் ஆரம் 132 தட அகலம் என்று வைத்தால் உண்மையான டிஸ்க்கின் விகிதம் கிடைக்கும். படம் ஏறக்குறைய 1,700 பிக்சல் அகலம் வரும். 0ஆம் தடம் வெளி விளிம்பில். தரவைப் பிக்சலாகத் தூவாமல், ஒவ்வொரு பிக்சலின் ஆரத்தையும் கோணத்தையும் கணித்து அதற்குரிய தரவைத் தேடி எடுங்கள். தூவினால் வெளி வட்டத்தில் ஓட்டை விழும். வெளி விளிம்பில் ஒரு பிக்சலுக்குள் 15 மாற்றங்கள் அளவில் அடங்குகின்றன. அவற்றின் சராசரியை எடுத்தால் பழுது மறைந்துபோகும். நாங்கள் நிறத்தை 2, 3, 4 மைக்ரோசெக்கன் இடைவெளிகளின் விகிதத்தால் முறையே சிவப்பு, பச்சை, நீலமாக அமைக்கிறோம். வெளிச்சத்தை மட்டும் அந்தப் பிக்சலின் மிக மோசமான மாற்றம் தீர்மானிக்கிறது: 0.35 மைக்ரோசெக்கனுக்கு மேல் விலகினால் கறுப்பு.

இந்த நிற முறை நிறையப் பேசும். டாஸ் வடிவமைத்து, எதுவும் எழுதாத செக்டரில் (தடத்தின் ஒரு துண்டில்) 246 என்ற பைட்டே நிரம்பியிருக்கும். அதில் 3 மைக்ரோசெக்கன் இடைவெளியே வராது. ஆகவே பச்சை இல்லாத செவ்வூதா. செக்டர்களுக்கு இடைப்பட்ட நிரப்பில் 4 மைக்ரோசெக்கன் வராது. அது பச்சை ஓடிய மஞ்சள். கேக் வெட்டியதுபோல 18 துண்டுகள் ஒரு தடத்தில் தெரியும். எல்லாம் கலந்த நிறம் என்றால் அங்கே தரவு இருக்கிறது. கோப்புப் பட்டியல் வெறுமையாக இருந்தும் படத்தில் கலந்த நிறம் தெரிந்தால், அழித்த கோப்பின் உடல் இன்னும் கிடக்கிறது.

பழுதுகளுக்கும் தனித்தனி உருவம் உண்டு. மெல்லிய கறுப்பு வளையம் ஹெட் கீறியது. பல தடங்களைக் குறுக்கே மூடிய திட்டு பூஞ்சணம். ஒரு தடத்திலிருந்து உள்ளே எல்லாமே மங்கினால் ஹெட்டில் அழுக்கு ஒட்டிவிட்டது: உடனே நிறுத்தி, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு மீண்டும் வாசிக்க வேண்டும். உள் தடங்கள் இயல்பாகவே சற்று இருளாக வரும், அங்கே பிட்டுகள் நெருக்கம். அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

இந்த வட்டப் படத்தைத் தவிர, டிஸ்க்கிலிருந்து மீட்ட பைட்டுகளைக் காட்டும் இரண்டாவது படம் எளிது. மீட்ட 14,74,560 பைட்டையும் வரிக்கு 512 என்று அடுக்கினால் 2,880 வரி. ஒரு வரி ஒரு செக்டர். முதல் வரி டிஸ்க்கின் விவரம் உள்ள பூட் செக்டர். அடுத்த 9 வரி, கோப்புகள் எந்த இடங்களில் உள்ளன என்ற அட்டவணை; அதற்கடுத்த 9 வரி அதன் நகலாக இருக்க வேண்டும். 59 என்ற மதிப்புள்ள பைட்டுகளுக்கு மட்டும் சிவப்புக் கொடுங்கள். பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் மெய்யெழுத்துப் புள்ளி விழும் விசை அரைப்புள்ளி, அதன் எண் 59. ஆங்கில உரையில் அது அரிது. பாமினியில் தட்டிய தமிழ் உரை சிவப்புப் பொட்டுகளாக நிறைந்து தெரியும். கல்யாண அழைப்பிதழா, சங்கக் கணக்கா என்று திறந்து பார்க்காமலே, தமிழ் எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம். வேர்ட் சில வேளைகளில் எழுத்துக்கு 2 பைட் வைத்திருக்கும்; அப்போது கறுப்பு நெடுங்கோடுகள் இடையே வரும்.

நமது கரையோரத்தில் துப்பரவுக்குத்தான் அதிக நேரம் போகிறது. மாரியில் வாசிப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஷட்டரை விலக்கி, பின்புற உலோகத் தட்டைச் சுழற்றி, வெளிச்சத்தில் மேற்பரப்பைப் பாருங்கள். வெண்புள்ளி தெரிந்தால் ட்ரைவில் போடக் கூடாது. உறையைப் பிரித்து டிஸ்க்கை எடுத்து, பஞ்சில் அல்கஹோல் தொட்டு மெதுவாகத் துடைத்து, நல்ல உறை ஒன்றுக்கு மாற்றி வாசிக்கலாம். கடல்நீர் புகுந்த டிஸ்க் என்றால் அல்கஹோல் உப்பைக் கரைக்காது. முதலில் பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில் வாட்டரில் அலசி, நிழலில் காயவிட வேண்டும். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா. கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, ஆனால் தூசி. யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

குறைகளும் உண்டு. படம் பழுதைக் காட்டும், திருத்தாது. 360 கே.பி. டிஸ்க்கை 1.2 எம்.பி. ட்ரைவில் வாசித்தால் சுழற்சி நிமிடத்துக்கு 300 அல்ல, 360 ஆவதால் இடைவெளிகள் ஆறில் ஐந்தாகச் சுருங்கும். அந்த டிஸ்க்குக்குரிய 4, 6, 8 மைக்ரோசெக்கன் இடைவெளிகளை 3.33, 5, 6.67 என்று மாற்றி, ஒரு தடம் விட்டு ஒரு தடம் வாசிக்கச் சொல்ல வேண்டும். அந்த 5.25 அங்குல ட்ரைவுக்கு 5 வோல்ட்டுடன் 12 வோல்ட்டும் வேண்டும், ஆகவே கணினி பவர் சப்ளை ஒன்றைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.