டிராவல் டிரெய்லருக்கு எந்த டயர்? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

பிக்அப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டிதான் டிராவல் டிரெய்லர். எங்கள் டிரெய்லரின் நான்கு டயர்களும் பார்வைக்குப் புதுசு போலத்தான் இருந்தன. பட்டன் தேயவே இல்லை. குனிந்து பக்கச்சுவரைத் தடவியபோதுதான் வெடிப்புகள் தெரிந்தன. நகம் உள்ளே மாட்டியது. பக்கச்சுவரில் பொறித்திருக்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2317. அதாவது 2017-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஓடித் தேயும் முன்பே, நின்ற இடத்தில் வெயிலில் காய்ந்து கெடுவதுதான் டிரெய்லர் டயரின் விதி.

கடைக்குப் போகும் முன் எடை போட்டோம். அமெரிக்க நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடை மேடை உண்டு. பிக்அப்பின் முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரங்கள் என்று தனித்தனியாக எடை வரும். ஒருமுறை டிரெய்லரோடு, இன்னொரு முறை பிக்அப்பை மட்டும் ஏற்றிக் கழித்தால் டிரெய்லரின் மொத்த எடை கிடைத்துவிடும். எங்களுடையது 7120 பவுண்டு. விற்பனைத் தாளில் போட்டிருந்தது 5600! அது வெற்று வண்டியின் எடை. 40 கேலன் தண்ணீர் மட்டுமே சுமார் 330 பவுண்டு. அப்புறம் பாத்திரம், துணிமணி, பேட்டரி.

கொக்கி மேல் விழும் எடையை மற்றச் சக்கரங்களுக்கும் பகிரும் கம்பிகளைக் கழற்றிவிட்டு எடுத்ததில் சக்கரங்கள் மேல் 6260, கொக்கி மேல் 860. கொக்கியில் 12 சதவீதம். 10 முதல் 15-க்குள் இருந்தால் போதும். 6260-ஐ நான்கால் வகுத்து நிம்மதி அடையாதீர்கள். எங்கள் வண்டியில் அடுப்படியும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம். சக்கரம் சக்கரமாக எடை போட்டதில் ஒன்று மட்டும் 1840 தாங்கிக்கொண்டிருந்தது. டயரை அந்தச் சக்கரத்துக்குத்தான் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு 15 அங்குல ரிம். லேசான லாரிகளுக்கான எல்டி 235/75ஆர்15, லோடு ரேஞ்ச் சி (சுமை தாங்கும் தரம்; சி, டி, இ என்று ஏறும்), 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் 1985 பவுண்டு தாங்கும். 1840 போக மிச்சம் 145 பவுண்டுதான், கைவிட்டோம். 16 அங்குல ரிம்முக்கு மாறினால் கதை வேறு: எல்டி 225/75ஆர்16, லோடு ரேஞ்ச் இ, 2680 தாங்கும். ஏர்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தின் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பலர் அப்படி மாறியிருக்கிறார்கள். ஆனால் ரிம்மும் வாங்க வேண்டும்.

மிஞ்சியது டிரெய்லருக்கென்றே செய்யும் எஸ்டி. இரண்டு அச்சு வண்டியை நெருக்கமாகத் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடும். அதைத் தாங்கும் விறைப்பான பக்கச்சுவர் இதில் உண்டு. எஸ்டி 225/75ஆர்15-இல் லோடு ரேஞ்ச் டி 65 பிஎஸ்ஐ-யில் 2540, லோடு ரேஞ்ச் இ 80 பிஎஸ்ஐ-யில் 2830. கவனியுங்கள்: இ டயரில் 65 மட்டும் அடைத்தால் அதுவும் 2540-தான். சுமை காற்றில் இருக்கிறது. ரிம்மின் பின்புறம் 65 என்று பொறித்திருந்தால் 80 அடைக்கக் கூடாது. அப்போது டி-யே போதும்.

எங்கள் ரிம் 80 தாங்கும். அதனால் குட்இயர் எண்டியூரன்ஸ் இ ரகத்தை எடுத்தோம். மணிக்கு 87 மைல் வரை அனுமதி உள்ள டயர், என்றாலும் நாங்கள் 62-ஐத் தாண்டுவதில்லை. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ-க்குத்தான் என்பதால் உலோக வால்வு போடச் சொன்னோம். ஸ்டெப்னியையும் பாருங்கள்: எங்களுடையதிலும் அதே 2317.