ஸ்காபரோ வளவில் முந்திரிகைக் கொடியும் வீட்டு வைனும்: 20 வருசத்துக்கு மேலான அனுபவம்

யாராவது வைனுக்கு முந்திரிகைக் (திராட்சைக்) கொடி நடப்போகிறேன் என்று சொன்னால், உங்கள் வளவில் எவ்வளவு குளிர் அடிக்கும் என்றுதான் முதலில் கேட்பேன். எந்த வைன் பிடிக்கும் என்பதை அப்புறம் பேசலாம். 2001 இல் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். குடித்துப் பிடித்தது கபர்னே சோவிஞ்ஞோன் என்ற சிவப்பு வைன், அதனால் அந்த இனத்திலேயே 4 கன்று வாங்கி வெயில் விழும் வேலியோரம் நட்டேன். கூடவே மலிவாகக் கிடைத்த கொன்கோர்ட் இனக் கன்று ஒன்று.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் பந்தல் போட்ட முந்திரிகைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கொடி வளர்ப்பது தெரிந்த வேலை என்று நினைத்திருந்தேன். ஊரில் நடுவது இஸ்ரேல் புளூ என்ற இனம். கவ்வாத்துப் பண்ணினால் துளிர்க்கும், வருசத்தில் இரண்டு தரம் காய்க்க வைக்கலாம், கொடிக்குப் பருவம் எப்போது என்று சொல்வது நம் கத்திதான். இங்கே ரொறன்ரோவில் அதைச் சொல்வது குளிர்.

கபர்னேயோடு 12 வருசம் மல்லுக்கட்டினேன். ஒரு வருசம் காய்க்கும், அடுத்த வருசம் பாதிக்கொடி கருகும், காய்த்தாலும் ஒக்டோபர் குளிர் வந்த பிறகும் பச்சை வாசம் போகாது. பிரின்ஸ் எட்வேர்ட் கவுண்டியில் வைன் தோட்டக்காரர்கள் குளிர்காலத்துக்குக் கொடியை மண்ணுக்குள் புதைப்பார்கள். இரண்டு நவம்பர் நானும் அப்படி மண் அணைத்தேன், வேலை முடிந்து இருட்டில் வந்து செய்வது கட்டுப்படியாகவில்லை. 2014 ஜனவரியில் குளிர் −20க்கும் கீழே போனது. வசந்தத்தில் அடியிலிருந்து பச்சையாகத் துளிர் வந்தபோது தப்பிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். ஒட்டுக்கன்று அல்லவா, வந்தது கீழே இருந்த வேறு இன வேர்க்கட்டையின் துளிர், மேலே ஒட்டிய கபர்னே இல்லை. நாலையும் கிண்டி எடுத்துவிட்டேன், இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

கொன்கோர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அமெரிக்கக் காட்டு முந்திரிகையின் வழி வந்த, 1849 இல் மசச்சூசெட்ஸில் கொன்கோர்ட் என்ற ஊரில் உருவான இனம் அது. ஆனால் வைனாக்கினால் ஜாம் வாசம்தான் முன்னுக்கு நிற்கும். பழத்தில் சீனியும் குறைவு, 16 பிரிக்ஸ் (சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சீனி என்ற அளவு) அளவில்தான் வரும், அதனால் சீனி சேர்க்க வேண்டும் (லிட்டருக்கு 17 கிராம் சீனி ஏறக்குறைய 1 சதவீத மதுசாரமாக மாறும், அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்). மாமி வருசா வருசம் சொல்லுவா, "தம்பி, நல்ல பழத்தைப் புளிக்க வைச்சுக் கெடுக்காதேங்கோ" என்று. அவ சொன்னது சரி. இப்போது கொன்கோர்ட் முழுக்கச் சாறுக்குத்தான்.

2015 இல் நட்ட 4 ஃப்ரொன்டினாக் கொடிகள்தான் என் பந்தலைக் காப்பாற்றின. மினசோட்டா பல்கலைக்கழகம் 1996 இல் வெளியிட்ட இனம், −30ஐயும் தாங்கும். செப்டெம்பர் கடைசியில் 24 பிரிக்ஸுக்கு மேலே போய்விடும், சீனி போட வேண்டியதில்லை. குறை ஒன்று, புளிப்பு. தனியே வடித்த முதல் வருசம் பல் கூசியது. இதற்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர். செப்டெம்பரில் இங்கே இத்தாலியக் கடைகளில் கலிஃபோர்னியப் பழம் 36 றாத்தல் பெட்டியாக வந்து இறங்கும். அதில் ஒரு பெட்டி சின்ஃபன்டெல் என்ற இனப் பழம் வாங்கிக் கலக்கச் சொன்னார், அதில் புளிப்புக் குறைவு. என் கொடிகள் தருவது 24 கிலோ, பெட்டி 16 கிலோ, இரண்டும் சேர்ந்தால் 23 லிட்டர்க் கண்ணாடிக் குடுவை ஒன்று சரியாக நிரம்பும். புளிக்க வைக்க 71பி என்ற ஈஸ்ட், அது பழத்துக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் விருந்தாளிக்குத் தயங்காமல் ஊற்றிக் கொடுக்கும் வைன் கிடைத்தது.

வைன் வேலை உண்மையில் கொஞ்சம்தான். நசுக்கிய பழம் வாளியில் ஒரு கிழமை, மேலே எழும்பும் தோலை நாளுக்கு இரண்டு மூன்று தரம் அமுக்கிவிட வேண்டும். அப்புறம் பிழிந்து குடுவைக்கு மாற்றி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி) போட்டால் மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும். மண்டியை விட்டு மூன்று தரம் வடித்து மாற்றுவேன், குடுவையைக் கழுத்துவரை நிரப்பியே வைப்பேன். 2006 இல் அரைக்குடுவையாக விட்டுவைத்ததில் 10 லிட்டர் வினாகிரியாகிவிட்டது. வைன் கெடாமல் காக்கும் சல்ஃபைட் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் உண்டு, என் அனுபவம் வேறு. 23 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற சல்ஃபைட் தூள் போடத் தொடங்கிய பிறகு ஒரு குடுவைகூடக் கெடவில்லை. 2009 இல் இனிப்பாக இருக்கட்டும் என்று போத்தலில் அடைக்கும்போது சீனி கலந்தேன். மேயில் சூடு ஏறியதும் பேஸ்மென்டில் 6 போத்தல் வெடித்தன. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து சீனி முழுக்கப் புளித்து முடிந்ததை ஹைட்ரோமீட்டரில் (சீனி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மிதவைக் கருவி) பார்க்காமல் எதையும் அடைப்பதில்லை. கனடாவில் வீட்டுத் தேவைக்கு வைன் வடிக்கச் சட்டம் விடுகிறது, விற்கக்கூடாது. நானும் கொடுப்பதோடு சரி.

கருவிகளில் பழம் பிழியும் நல்ல அழுத்தி ஒன்றுக்கும் கொடியை மூடும் வலைக்கும் தாராளமாகச் செலவழியுங்கள். வலை இல்லாத ஒரு வருசம், நாளை பறிக்கலாம் என்று படுத்த இரவில் ரக்கூன்கள் பந்தலையே காலி செய்துவிட்டன. ஜூலையில் ஜப்பான் வண்டு வரும், காலையில் சவர்க்காரத் தண்ணீருக்குள் தட்டிவிடுவேன். கரும் அழுகல் என்ற பூஞ்சை நோய் வந்த வருசம் காய்ந்து தொங்கும் பழங்களை ஒன்று விடாமல் பொறுக்கி எறிய வேண்டும், அடுத்த வருச நோய் அதிலிருந்துதான் கிளம்பும்.

எனக்குப் பிந்திப் புரிந்தது மார்ச் மாதக் கவ்வாத்து. போன வருசக் கொப்பிலிருந்து எழும் புதுத் துளிரில்தான் பழம் வரும், அதனால் பத்தில் ஒன்பது பங்கை வெட்டி எறிய வேண்டும். முதல் 8 வருசம் எனக்கு மனம் வரவில்லை, கொடி காடாகக் கிடந்தது, பழமும் பழுக்கவில்லை. துணிந்து வெட்டத் தொடங்கிய வருசமே குலைகள் இறுகி வந்தன.

இந்த மார்ச்சில் வெட்டிய ஃப்ரொன்டினாக் கொப்புகளில் பென்சில் தடிப்பானவற்றை மூன்று நாலு கணு விட்டு நறுக்கி, ஈரத்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். மே தொடங்க மகளின் ஓஷாவா வளவில் ஊன்றப் போகிறோம். அவள் இப்போதே பந்தலுக்குக் குழி தோண்டிவிட்டாள்.