பிராக் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போறீங்களா? காசு மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஜெர்மனியில் டிசம்பர் 24 மதியம் கடையைச் சாத்தினால் 25, 26 இரண்டு நாளும் ஊரே அடங்கிவிடும். ஹாஸ்டல் ரூமில் ரசம் வைத்துக்கொண்டு முடங்கிக் கிடப்பதற்குப் பக்கத்து நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நம்ம பசங்க கூட்டம் கூட்டமாகப் பிராக் கிளம்புவது வழக்கம். டிரெஸ்டனிலிருந்து எல்பே ஆற்றை ஒட்டியே ரயில் போகும், இரண்டரை மணி நேரம்தான். நாங்களும் நாலு பேராகப் போனோம். ஊரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1410இல் வைத்த வானியல் கடிகாரம் இன்னும் மணியடிக்கிறது, நாலு மணிக்கே இருட்டிய பிறகு சதுக்கம் முழுக்க விளக்கு, ஜெகஜோதியாக இருக்கிறது. ஆனால் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கிற வசூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பிக்பாக்கெட்டுக்குப் பயந்து எல்லோரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறோம். அங்கே எங்கள் பணம் போனது ஜேப்படியில் இல்லை, கையில் ரசீது கொடுத்தே வாங்கிக்கொண்டார்கள்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். நாங்கள் போனபோது ஒரு யூரோவுக்குக் கிட்டத்தட்ட 25 கொருனா. சதுக்கத்துக்குப் போகிற தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடை. வாசலில் ஆள் உயரத்துக்கு ‘0% கமிஷன்’ என்று எழுதியிருந்தது. பலகையில் பளிச்சென்று கண்ணில் படுகிற எண், அவர்கள் யூரோவை நமக்கு விற்கிற விலை. நம்மிடமிருந்து வாங்குகிற விலை ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கூட வந்த சேலத்துக்காரன் 200 யூரோவை நீட்டினான். கண்ணாடிக்குள் இருந்தவர் கொருனா நோட்டுகளை மளமளவென்று எண்ணி, ரசீதை மடித்து அதற்கு அடியில் செருகி, துளை வழியாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து எண்ணினால் 3,300. “டேய், ஐயாயிரம்ல வரணும்? இது என்ன கணக்குடா?” என்று அவன் போனில் தட்டிப் பார்க்கிறான். யூரோவுக்குப் பதினாறரை போட்டிருக்கிறார்கள். கமிஷன் பூஜ்யம் என்று எழுதியிருந்தது பொய்யே இல்லை. ரேட்டிலேயே மூன்றில் ஒரு பங்கை உருவிய பிறகு கமிஷன் எதற்கு? போனது 68 யூரோ. படிக்கிற பையனுக்கு அது இரண்டு வார மளிகை.

இதோடு தலையில் அடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கிளம்பாதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது: நாணய மாற்றுக் கடையில் மாற்றிய பணத்தை, 1,000 யூரோ மதிப்புக்குள் இருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து நம் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் ஒருத்திக்கு இது தெரிந்திருந்தது. உடனே திரும்பிப் போனோம்.

அந்த ஆள் முதலில் ஆங்கிலமே தெரியாதவர் மாதிரி பார்த்தார். பத்து நிமிஷம் முன்பு நன்றாகப் பேசியவர். பிறகு ரசீதில் எங்கோ விரலை வைத்து, “நோ ரீஃபண்ட்” என்றார். அதுவும் பலிக்காததால், “மேனேஜர் சாயங்காலம் வருவார், அப்போது வாங்க” என்றார். இந்த மூன்றாவது பதிலில்தான் உஷாராக இருக்க வேண்டும். சாயங்காலம் என்றால் மூன்று மணி நேரம் தாண்டிவிடும், அப்புறம் மேனேஜரும் கிடையாது, பணமும் கிடையாது. நாங்கள் கவுன்டரை விட்டு நகரவில்லை. ரசீதில் இருந்த நேரத்தைக் காட்டி, இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி, அங்கே எழுதப்போகிறோம் என்றோம். பின்னால் வரிசையில் நின்ற ஒரு தம்பதி இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் பணத்தைப் பைக்குள் திரும்ப வைத்ததும்தான் அவர் முகம் மாறியது. 200 யூரோவும் அப்படியே வந்தது, ‘ஸாரி’ மட்டும் வரவில்லை. ரசீதைக் கசக்கி எறிந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

அடுத்தது ஹாம் கடை. விறகுத் தணலில் பெரிய பன்றித் தொடையைச் சுழலவிட்டு வாட்டுவார்கள், வாசனை சந்து முனை வரைக்கும் வரும். பலகையில் 119 கொருனா என்று போட்டிருக்க, கொஞ்சம் தள்ளி அதைவிடச் சின்னதாக ‘100 கிராம்’. ஒரு பிளேட் என்று கேட்டவனுக்குக் கத்தியால் பெரிய பெரிய துண்டாக வெட்டிப் போட்டு, தராசில் வைத்து, 380 கிராம், 452 கொருனா என்றார்கள். “இவ்வளவு கேட்கலையே” என்றால், “வெட்டியாச்சே” என்று பதில். இதற்குச் சட்டம் கிட்டம் எதுவும் கைகொடுக்காது, வெட்டுவதற்கு முன்பே “நூறு கிராம் போதும்” என்று சொல்லி, தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் வழி. காசு கொடுத்தோம், தின்றோம். உப்பு ஜாஸ்தி. (பக்கத்துக் கடையில் ‘பழங்காலத்துச் செக் பண்டம்’ என்று விற்கிற சுருள் ரொட்டியையும் உள்ளூர்க்காரர்கள் சுற்றுலாக்காரர்களுக்கான சமாசாரம் என்றுதான் சொல்கிறார்கள். சூடாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.)

உண்மையில் கொருனா நோட்டே அவ்வளவாகத் தேவைப்படாது. டிராமுக்குள் இருக்கிற மெஷினில் கார்டைத் தட்டியே டிக்கெட் எடுக்கலாம், பெரும்பாலான ஹோட்டல்களிலும் கார்டு ஓடும். ரொக்கம் வேண்டும் என்றால் வங்கியை ஒட்டிய ஏடிஎம்மில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் மூலைக்கு மூலை தனியாக நிற்கிற மெஷின்கள் எடுத்த எடுப்பில் பெரிய தொகையைக் காட்டும், பிறகு ‘யூரோவில் மாற்றிக் கழிக்கட்டுமா’ என்று கேட்கும். வேண்டாம் என்பதை அழுத்துங்கள், கொருனாவிலேயே கழியட்டும். கடைக்காரர் கார்டு மெஷினை நீட்டும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

நாணய மாற்றுக் கடை வாசலிலேயே, “உள்ளே போகாதீங்க, நான் நல்ல ரேட் தர்றேன்” என்று ஒரு ஆள் பக்கத்தில் வந்து நிற்பார். கொருனா என்று கொடுப்பது வேறு நாட்டு நோட்டாக இருக்கும், பெலாருஸின் செல்லாத பழைய ரூபிளைக்கூடத் தள்ளிவிடுவார்கள். அவரிடம் ரசீது கிடையாது, மூன்று மணி நேரக் கணக்கும் கிடையாது, பத்து நிமிஷம் கழித்துத் தேடினால் ஆளும் இருக்க மாட்டார்.