ஸ்ட்ரட் பார் வாங்கியாச்சு, நட்டை எதால் முறுக்குவது?

காருக்கு ஸ்ட்ரட் பார் போட நினைப்பவர்கள் எல்லாரும் பாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அலுமினியமா இரும்பா, சிவப்பா நீலமா என்று. அதை முறுக்கப் போகிற ஸ்பானரைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. என் பழைய ஹேட்ச்பேக்கில் இடது பக்க ஸ்டட் (நட் ஏறுகிற, தலையில்லாத மரைக் கம்பி) ஒன்று இழுபட்டுப் போனது அதனால்தான். அந்தக் கதை கீழே வருகிறது.

முதலில் பாரை முடித்துவிடுவோம், அதில் பேச அதிகமில்லை. பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு மேடு தெரியும், முன் ஸ்ட்ரட்டுகள், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்கள், மேலே வந்து மாட்டியிருக்கிற இடம். அந்த இரண்டு மேட்டையும் இணைக்கிற கம்பிதான் ஸ்ட்ரட் பார். வேகமாக வளைவில் திரும்பும்போது அந்த மேடுகள் துளியளவு அசையும், அதைக் குறைப்பதுதான் இதன் வேலை. ஒரே துண்டாக வெல்டு வைத்த இரும்புக் குழாய் ஒரு வகை. இரண்டு பக்கமும் தகடு, நடுவில் கம்பி, இடையில் போல்ட்டு மூட்டு என்று மூன்று துண்டாக வருவது இன்னொரு வகை, இதில் கம்பியைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், எடையும் குறைவு, பார்க்கவும் ஜோர். ஆனால் அந்த மூட்டு கதவுக் கீல் மாதிரி மடங்கக்கூடியது என்றால், நேராகத் தள்ளுவதையும் இழுப்பதையும் தாங்குமே தவிர, மேடு சாய்வதைத் தடுக்காது. என் ஓட்டு வெல்டுக்குத்தான். அதில் ஒரு தொல்லை, ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் உட்காராது. அப்படி உட்காரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம், பாடி ஏற்கெனவே விறைப்பாக இருக்கிற புது காரில் எந்தப் பார் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி முறுக்குகிற விஷயம். என் காரில் பக்கத்துக்கு மூன்று நட், 12 நம்பர் சாக்கெட், அதாவது 8 மில்லிமீட்டர் ஸ்டட். மேனுவலில் 25 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது, அது முறுக்கு பலத்தின் அளவு. உங்கள் காரில் வேறு அளவு இருக்கும், 10 மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் இதைப்போல இரு மடங்குகூட வரும், ஆகவே என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கை அளவில் முறுக்கலாமே என்பது முதல் வழி. நம் ஊர் மெக்கானிக்குகள் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள், ஏனென்றால் தினமும் அதே 12 நம்பர் ரிங் ஸ்பானரைப் பிடிக்கிற கை அது. 20 சென்டிமீட்டர் ஸ்பானரில் 25 நியூட்டன் மீட்டர் வர, முனையில் சுமார் 13 கிலோ அழுத்தம் வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையில் பாதி. அது கைக்குத் தெரிகிற பாரம். அதே நட்டை 45 சென்டிமீட்டர் கைப்பிடியில் முறுக்கினால் ஐந்தரை கிலோவே போதும், அது கைக்கு ஒரு பாரமாகவே தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை கருவிப் பெட்டியைத் திறக்கிற நம்மைப் போன்றவர்களைக் கை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான்.

டயர் கடை ஏர் கன் இரண்டாவது வழி. வேண்டாம். வீல் நட்டுக்கான கருவியை இந்தப் பென்சில் தடிமன் ஸ்டட்டில் வைத்தால், அது எப்போது நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

மூன்றாவது கிளிக் வகை டார்க் ரென்ச். அளவை வைத்து முறுக்கினால், அந்த அளவு வந்ததும் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு "டக்" என்று கைக்குத் தெரியும். என் கதை இதில்தான் நடந்தது. வீல் நட்டுக்கு என்று வாங்கிய அரை அங்குல ரென்ச் இருந்தது (சாக்கெட் மாட்டுகிற சதுர முனையின் அளவு அது), முறுக்கு அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. எனக்கு வேண்டியதோ 25. மூணு பாயின்ட் கூடினால் என்ன என்று 28 வைத்து முறுக்கினேன். ஸ்கேலின் அடிமட்டத்தில் அந்த "டக்" பெரிதாகக் கேட்காது என்பது எனக்கு அப்போது தெரியாது, வரும் வரும் என்று முறுக்கிக்கொண்டே போனேன், ஒரு கட்டத்தில் நட் இறுகுவதை விட்டுவிட்டு வெண்ணெயில் திருகுவது மாதிரி மெத்தென்று சுற்ற ஆரம்பித்தது. வயிற்றைப் பிசைந்தது. கழற்றிப் பார்த்தால் நடுவில் மரை விலகி, ஸ்டட் நீண்டிருந்தது. அந்த ஸ்டட், ஸ்ட்ரட்டைப் பாடியோடு பிணைக்கிற மேல் மவுன்ட்டோடு சேர்ந்தது. ஒற்றை நட்டுக்காக ஸ்ட்ரட்டையே இறக்கி, மவுன்ட் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, பாரின் விலையைவிடக் கூடுதலாகச் செலவு.

ரென்ச் மேல் தப்பில்லை, ஆள் மேல்தான். கிளிக் ரென்ச்சில் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்ட்ரட் பாருக்கு 3/8 அங்குல ரென்ச், 10 முதல் 60 வரை அளவுள்ளது, கச்சிதம். பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்கேல் இருக்கும், நியூட்டன் மீட்டர் ஒன்று, அடி-பவுண்டு ஒன்று. மாற்றிப் பார்த்துவிட்டால் 25 என்பது 34 ஆகிவிடும். வேலை முடிந்ததும் ஸ்கேலை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும், கழற்றுவதற்கு இதைப் பயன்படுத்தவே கூடாது.

பீம் வகை நான்காவது, முள் வைத்த பழைய மாடல். கைப்பிடி வளையும், முள் வளையாமல் நிற்கும், முள் காட்டுகிற எண்தான் அளவு. உள்ளே ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமில்லை, முள் சும்மா இருக்கும்போது பூஜ்யத்தில் நின்றால் நம்பலாம். விலையும் குறைவு. மேசையில் வைத்துச் செய்கிற வேலைக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் ஸ்ட்ரட் மேடு விண்ட்ஷீல்டு ஓரத்தில், வைப்பர் பிளாஸ்டிக்குக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். முள்ளை நேர் மேலே இருந்து பார்த்தால்தான் எண் சரியாக வரும், அங்கே தலையை நுழைக்கவே இடமில்லை. சாய்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று எண் தள்ளித் தெரியும்.

டிஜிட்டல் ரென்ச் துல்லியம்தான், அளவு நெருங்கினால் பீப் அடிக்கும். ஆறு நட்டுக்கு அது ஆடம்பரம், அதுவும் தேவைப்படுகிற அன்றைக்குப் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ஆக, இந்த வேலைக்குச் சின்ன கிளிக் ரென்ச்தான் என் தேர்வு. பட்ஜெட் இடித்தால் பாரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டு ரென்ச்சை முதலில் வாங்குங்கள். எட்டாத இடத்துக்கு நேரான எக்ஸ்டென்ஷன் ராடு போடலாம், அது அளவை மாற்றாது. கைப்பிடியில் குழாய் சொருகி நீட்டினால்தான் கணக்கு கெடும்.

எந்த ரென்ச் என்றாலும் மரை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். நட் சுலபமாக ஏறட்டும் என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுகிற பழக்கம் நமக்கு உண்டு. முறுக்குகிற பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உரசலுக்கே போகிறது, மீதிதான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் உரசலைக் குறைத்தால் ரென்ச் அதே 25 காட்டும், ஸ்டட் மேல் விழும் இழுவை மட்டும் எகிறிவிடும்.

வேலையைச் சமதளத்தில், நாலு சக்கரமும் தரையில் ஊன்றியிருக்கும்போது செய்யுங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்துக்கொண்டு நட்டைக் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும். சுற்றியிருக்கிற நட்டுகளை மட்டும் தொடுங்கள், நடுவில் இருக்கிற பெரிய நட்டைத் தொடவே வேண்டாம், அதற்குக் கீழே அழுத்தி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது, ஆளையே அடிக்கும். தகடு வைத்த பிறகு நட்டுக்கு மேலே ஒன்றிரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் அந்தப் பார் உங்கள் காருக்கு இல்லை. முதலில் எல்லா நட்டையும் கையால் ஏற்றி, பாதி அளவுக்கு ஒரு சுற்று, முழு அளவுக்கு இன்னொரு சுற்று. பார் பானட்டில் இடிக்குமா என்று சந்தேகம் இருந்தால் பாரின் மேல் பிசைந்த சப்பாத்தி மாவை உருட்டி வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறங்கள், மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதிலேயே இடைவெளி தெரிந்துவிடும்.

கடைசியாக, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ரென்ச்சை வைத்துப் பார்த்ததில் ஐந்து நட் அசையாமல் "டக்" என்றது, வலது பக்கம் ஒன்று மட்டும் கொஞ்சம் சுற்றிய பிறகே "டக்" என்றது, தகட்டின் பெயின்ட் அதன் அடியில் நசுங்கியிருந்தது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன், இன்றுவரை அது விலகவில்லை.